உறுத்தாத ட்வீட்

"இதுவும் சொரசொரங்குது. வேற காட்டுங்க."

கோட்டு தைக்க மனைவியோடு வந்திருந்தவர், ஐந்தாவது ட்வீட் துணியையும் கழுத்தில் தேய்த்துப் பார்த்துத் தள்ளிவைத்தார்.

"சார், ட்வீட்டுன்னா கம்பளி. கொஞ்சம் சொரசொரப்பு இருக்கத்தான் செய்யும்" என்றார் தையற்கடைக்காரர்.

"துளிகூட உறுத்தக் கூடாதுங்க."

மனைவியோ கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். 'ஆம்பளைக்கு இப்படியொரு பூ உடம்பா!' என்று கடைக்காரர் மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

ஒருவழியாக, பஞ்சு போன்ற பழுப்பு ட்வீட் ஒன்று அவருக்குப் பிடித்துவிட்டது. கடைக்காரர் அளவு நாடாவோடு நெருங்கினார்.

"எனக்கில்லைங்க. கோட்டு இவங்களுக்கு."

மனைவி எழுந்து வந்து மப்ளரைக் கழற்றினாள். காதுக்குக் கீழிருந்து தோள்வரை தீக்காயம் ஆறிய தழும்பு.

"தீயணைப்புப் படையில இருக்காங்க. எரியிற வீட்டுக்குள்ள நுழைஞ்சு ரெண்டு குழந்தைங்களைத் தூக்கிட்டு வந்தாங்க. அந்தக் குடும்பம் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கு." கணவரின் குரலில் பெருமை பொங்கியது.

கடைக்காரர் நாடாவைத் தழும்பில் படாமல் மெதுவாகப் பிடித்து அளந்தார். "அம்மா, காலருக்கு உள்பக்கம் பட்டு வெச்சுத் தைக்கிறேன். கோட்டு போட்டிருக்கிறதே தெரியாது."

அவள் சிரித்தாள்.

"நெருப்பைக்கூடச் சமாளிச்சுடலாம் அண்ணே. துணிக்கடை ஏறிட்டா இவரைத்தான் சமாளிக்க முடியாது!"