ரங்கூன்காரி வீட்டு வாசனை

“புரட்டாசி மாசத்துல முட்டை வாசனை. இதுங்கள்லாம் மனுஷ ஜென்மமா?”

ஆண்டாளம்மாள் தன் வீட்டு வாசலில் நின்று ஆரம்பித்துவிட்டாள். உத்திரமேரூரில் அவள் தொண்டைக்கு ஈடாக இன்னொரு தொண்டை கிடையாது. தெருக்கோடி வரை கேட்கும். கேட்க வேண்டும் என்றுதான் அவளும் பேசுவாள்.

பக்கத்து வீட்டில் சிட்டம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நசுக்கிய இஞ்சி, உப்பு, மிளகுத்தூள் போட்டாள். ஆரோரூட் மாவைக் கரைத்து ஊற்றினாள். கஞ்சியும் இல்லாமல் ரசமும் இல்லாமல் ஒரு பதம் வந்ததும், அடித்து வைத்த முட்டையைக் கை உயர்த்தி நூலாக விட்டு, கரண்டியால் மெல்லச் சுற்றினாள். மஞ்சள் இழை இழையாகத் திரண்டு மிதந்தது. மேலே கொஞ்சம் வெங்காயத்தாள். அவ்வளவுதான் வேலை.

ரங்கூனில் பக்கத்து வீட்டுச் சீனாக்காரி சொல்லிக் கொடுத்த சூப். கடை கண்ணி எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவள், இதை மட்டும் விடவில்லை.

கொல்லைக் கதவு மெல்லத் திறந்தது. மலர்க்கொடி. சாட்சாத் ஆண்டாளம்மாளின் மருமகள்.

“சின்னம்மா, அத்தை வாசப்பக்கம் நின்னு கத்திக்கினு கீறாங்க. அந்த சந்தடி சாக்குலதான் வந்தேன்.”

“கதையெல்லாம் அப்புறம். குடி.”

மலர்க்கொடி கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள். “முட்டை எங்க கீதுன்னு தேடணும் போல.”

“அதான் சீனாக்காரி சாமர்த்தியம். ஒரு முட்டைய வெச்சி ஊருக்கே ஊத்துவா.”

பிள்ளை பெற்று இன்னும் மாதம் முடியவில்லை. எதைத் தின்றாலும் வாந்தி. பால் வற்றி, குழந்தை கத்திக்கொண்டே இருந்தது. முட்டை கொடுங்கள் என்று நர்சம்மா சொல்லிவிட்டுப் போனாள். புரட்டாசி போகட்டும் என்று மாமனார் கேசவன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மற்ற மாதங்களில் ஆட்டுத்தலையை நின்று பொறுக்கி வாங்கி வருகிறவர்தான். ஆனால் பஜனை கோஷ்டித் தலைவர். இந்த ஒரு மாதம் அவர் வீட்டில் முட்டை என்று வாயால் சொல்லக்கூடாது.

நாலைந்து நாளாக இந்த சூப்புதான் மலர்க்கொடியின் வயிற்றில் தங்குகிறது. பாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரக்க ஆரம்பித்திருந்தது.

“உங்க மாமியாளும் ஒரு பொம்பளையா? பச்சை ஒடம்புக்காரிக்குப் பூண்டுக் கஞ்சிய ஊத்திட்டு, இங்க வந்து என் அடுப்பை மோப்பம் புடிக்குது.”

“மெதுவா பேசு, சின்னம்மா. மாமாவுக்குத் தெரிஞ்சா இன்னிக்கே வண்டி கட்டி சாலவாக்கத்துல எங்கம்மா வூட்டுல தள்ளிடுவாரு. மறுபடி கூப்புட மாட்டாரு. எங்க வூட்டுக்காரரு இருக்காரே, அவங்கப்பா எதிர்ல வாயத் தொறக்க மாட்டாரு.”

“கோவிந்தா, கோவிந்தா” என்ற குரல் தெருவில் கேட்டது. சனிக்கிழமை. நாமம் போட்ட சொம்போடு வீடு வீடாக அரிசி வாங்கப் போன கேசவன் திரும்பிவிட்டார்.

“இன்னாடி வாசனை இது?”

“என்னைக் கேட்டா? அந்த ரங்கூன்காரிய கேளுங்க.” ஆண்டாளம்மாளின் குரல்.

“அது இல்லடி. காலையில கொழந்தையத் தூக்கினேன். அதும்மேல கூட இந்த வாசனைதான் அடிச்சுது.”

மலர்க்கொடி கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

“எங்க மருமவ? கூப்புடு அவளை.”

“கொல்லைப்பக்கம் போயிருக்கா. அங்க போய்க் கூப்புடச் சொல்றீங்களா? நீங்க காலைக் கழுவிக்கினு உள்ள போங்க. இன்னிக்கு இவளை ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேன்.”

மெட்டிச் சத்தம் நெருங்கி வந்தது. சிட்டம்மாள் மலர்க்கொடியை நெல்லுக் குதிருக்குப் பின்னால் தள்ளினாள். கிண்ணத்தை மறைக்க நேரமில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அடிபட்டாலும் சரி, இன்றைக்கு நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று இருந்தாள்.

ஆண்டாளம்மாள் உள்ளே வந்தாள். அடுப்பைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். குதிருக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த மருமகளின் புடவை நுனியைப் பார்த்தாள்.

“இன்னாக்கா முறைக்கற? ஆமாம், நான்தான் குடுத்தேன். ஒரு கொழந்தைக்குப் பால் ஊறட்டும்னு குடுத்தேன். உன்னால ஆனதைப் பாத்துக்க.”

ஆண்டாளம்மாள் திரும்பிப்போய் வாசல் கதவைச் சாத்தினாள். மடியிலிருந்து இரண்டு முட்டைகளை எடுத்து, உருண்டு விடாதபடி அரிசி முறத்தில் வைத்தாள்.

“ஒரு முட்டைய வெச்சி இத்தினி தண்ணி காட்டினா பால் எப்படிடி ஊறும்? நாளையிலருந்து ரெண்டா ஒடைச்சி ஊத்து.” குரல் சுவரைத் தாண்டவில்லை. “இதுங்களைக் கோழிக்கு அடை வெச்சிகீறேன்னு அந்த மனுஷன்கிட்ட சொல்லிகீறேன்.”

சிட்டம்மாள் முட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“அப்போ தெனம் வாசல்ல நின்னு என்னைத் திட்டினது?”

“இவ வாயிலயும் புடவையிலயும் வாசனையோட வூட்டுக்குள்ள வரா. அது எங்கருந்து வருதுன்னு அவருக்கு நான் ஒரு வழி காட்டணும் இல்ல?”

சொல்லிவிட்டுத் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பினாள். மூச்சை இழுத்து, “ஏண்டி, பெருமாள் மாசத்துல இந்த நாத்தத்தைக் கொண்டாந்து என் வூட்டுல வுடறியே, உனக்குக் கண்ணு அவிஞ்சா பூடுச்சி” என்று ஊரே கேட்க ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள்.

பிறகு குதிர்ப் பக்கம் குனிந்து, “இன்னும் நெறைய கீது திட்டறதுக்கு. நான் முடிக்கறதுக்குள்ள குடிச்சிடு மலரு, ஆறிப்போவுது” என்றாள்.