மாஸ்டர் கை சூஃப்ளே

"இதுவும் படுத்துடுச்சுங்க" என்றாள் அவள், ஓவன் அடுப்பின் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தபடி.

கணவர் கிண்ணத்தை வெளியே எடுத்து வைத்து, நடுவில் குழி விழுந்த சூஃப்ளேயை முறைத்துப் பார்த்தார். திங்கட்கிழமையிலிருந்து இது பதினாறாவது. முட்டை வெள்ளையை நுரைக்க அடித்து, உருக்கிய சாக்லேட்டோடு கலந்து வேகவைக்கும் பிரெஞ்சு இனிப்பு அது. கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி மிடுக்காக எழும்பி நிற்க வேண்டும். இந்த வீட்டில் எழும்பவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. படுத்ததை எல்லாம் காலையும் மாலையும் இரண்டு பேருமாகத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜனாதிபதி மாளிகையில் பதினோரு வருடம் தலைமைச் சமையல்காரர். வெளிநாட்டு விருந்தாளிகள் எழுந்து நின்று கை தட்டியது அவருடைய சூஃப்ளேக்குத்தான். "எல்லாம் எங்க மாஸ்டர் கைவண்ணம்" என்று ஜனாதிபதியின் மனைவியே வாய் நிறையச் சொல்வார். சும்மா காரில் போய் ரிப்பன் வெட்டிவிட்டு வருகிற ஆள் இல்லை அந்த அம்மாள். பிரசவ ஆஸ்பத்திரி இல்லாத ஊர்களைத் தேடித் தேடிப் போய், கட்டும்வரை கணவரைத் தூங்கவிடாதவர். நாடே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. போன வருடம் காலமானார்.

அந்த அம்மாளின் மகள்தான் போன ஞாயிறு போன் செய்தாள். அடுத்த ஞாயிறு அம்மாவுக்குப் பிறந்தநாள். கூடி உட்கார்ந்து அழ வேண்டாம், அம்மாவை நன்றாகத் தெரிந்த இருபது பேர் அந்த சூஃப்ளேயைச் சாப்பிட்டு, அவர் வாழ்ந்த வாழ்க்கையைச் சிரித்துப் பேசிக் கொண்டாடலாம், நீங்கள்தான் செய்து தர வேண்டும் என்றாள். மாஸ்டர் "செஞ்சுடலாம்மா" என்றார். மறுநாள் ஆரம்பித்தது இந்தக் கூத்து.

கண்ணாலேயே அளந்து ஐம்பது பேருக்குச் சமைத்த மனிதர், இப்போது ஒரு துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்துச் செய்தார். வியாழக்கிழமை காலையில் குளியலறைக்குள் ஒளிந்துகொண்டு, யாரோ ஒரு பெண் சூஃப்ளே செய்கிற வீடியோவைப் பார்த்தார். வெளியே நின்ற மனைவிக்கு எல்லாம் கேட்டது. என்னவென்று விசாரித்தால், பாட்டு என்று கூசாமல் புளுகினார்.

அவள் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நினைவு ஒரேயடியாகப் போகாது, மூலை மூலையாகத்தான் கழன்று போகும் என்று அவளுக்குத் தெரியும். மற்றச் சமையலில் உப்பு உறைப்பு எல்லாம் கச்சிதம். பேர் வாங்கிக் கொடுத்த பண்டம் மட்டும் கையை விட்டுப் போய்விட்டது. அடுத்தது எது, தன் முகமா? அவருக்குத் தெரியாமல் செவ்வாய்க்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருந்தாள்.

"உடம்பு சரியில்லன்னு சொல்லிடலாங்க" என்றாள் இப்போது. "அத்தனை பேர் முன்னாடி நீங்க தலைகுனிஞ்சு நிக்கறதை என்னால பாக்க முடியாது."

"அந்த அம்மாவுக்காக இதை நான் செஞ்சே ஆகணும்" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த முட்டையை உடைத்தார்.

மறுநாள் ஞாயிறு மாலை, அந்த மகளின் வீட்டுக்கு அவளும் கூடப் போனாள். சமையலறையில் இருந்தவர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு மாஸ்டர் கதவைச் சாத்தினார். மாளிகையிலும் அப்படித்தானாம். காற்று பட்டால் சூஃப்ளே அமுங்கிவிடும் என்று ஈ, காக்கையைக் கூட விட மாட்டாராம். இன்றைக்கு மனைவிக்கு மட்டும் விதிவிலக்கு. அவள் சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள், அவர் நல்ல பிள்ளையாகக் கேட்டுச் செய்தார்.

பன்னிரண்டு நிமிடம் இரண்டு பேரும் ஓவன் முன்னால் குந்திக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் கண்ணாடியையே பார்த்தார்கள். பத்தொன்பது எழும்பின. நாலைந்து கொஞ்சம் சாய்ந்திருந்தன, போகட்டும். ஒன்று மட்டும் நடுவில் அமுங்கிவிட்டது. பரிமாறுகிறவர்கள் தட்டோடு ஓடினார்கள். கூடத்தில் கை தட்டல் கேட்டபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் வியர்வையைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மகள் உள்ளே வந்தாள். அவள் கையில் இருந்தது அந்த அமுங்கின சூஃப்ளேக் கிண்ணம்தான். பாதி சாப்பிட்டிருந்தாள்.

"மாஸ்டர், இது பழைய மாதிரி இல்லையே" என்றாள் மெதுவாக.

மாஸ்டர் தரையைப் பார்த்தார். மனைவியால் அதைத் தாங்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தப்பா எடுத்துக்காதம்மா. உங்க அம்மாவுக்குப் பதினோரு வருஷம் செஞ்ச கைதான் இது. இப்ப வயசாயிடுச்சு, கொஞ்சம் கொஞ்சமா மறந்துட்டு வர்றார். ஒரு வாரமா ராப்பகலா இதே வேலைதான்."

மகள் கிண்ணத்தை மேசையில் வைத்தாள். சிரிக்கப் பார்த்தாள், முடியாமல் கண் நிறைந்துவிட்டது.

"மாஸ்டர் எதையும் மறக்கல ஆன்ட்டி. பதினோரு வருஷமும் இதைச் செஞ்சது எங்கம்மா. ஜனாதிபதி மனைவி கரண்டி பிடிக்கறது கௌரவக் குறைச்சல்னு மாளிகையில தடை போட்டிருந்தாங்க, அதனால ரகசியமா செஞ்சு இவர் பேர்ல வெளியே அனுப்பினாங்க, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு இவர்கிட்ட சத்தியமும் வாங்கிட்டாங்க. இதைக் கடைசி நாள்லதான் என்கிட்ட சொன்னாங்க. செஞ்சு தாங்கன்னு கேட்டா இப்பவாவது இவர் உண்மையைச் சொல்லிடுவார்னு பாத்தேன், இவர் என்னடான்னா அம்மாவைக் காட்டிக்கொடுக்காம, ஒரே வாரத்துல கத்துக்கிட்டு வந்து நிக்கறார்."