கறுப்புப் பாவாடை

அவள் மாடிப்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

இனி யாரும் மேலே போக முடியாது.

படி அவ்வளவு குறுகல். தொகுப்பு வீட்டுக்கு வெளிப்பக்கமாக அப்பாவே கட்டியது. மேலே மொட்டைமாடி. அங்கே ஒரு மூங்கில். மூங்கிலில் அம்மாவின் கறுப்பு உள்பாவாடை, காற்றில் உப்பி, சுருங்கி, மறுபடி உப்பிக்கொண்டிருந்தது.

கீழே ஒன்றியச் செயலாளர் நின்றார். ஊரில் அவரை ஒன்றியம் என்றே கூப்பிடுவார்கள்.

"எந்திரி பாப்பா. மாவட்டம் பாலத்தத் தாண்டிட்டாராம்."

மாவட்டம் என்றால் மாவட்டச் செயலாளர். துக்கம் விசாரிக்க வருகிறார்.

அவள் எழுந்திருக்கவில்லை.

போன வாரமும் இதே மாவட்டம்தான் வருவதாக இருந்தது. வரவேற்க ரோட்டோரம் கொடிக்கம்பம் நட்டார்கள். இரும்புக் குழாய். பையன்கள் சேர்ந்து தூக்கினார்கள். உச்சி கரண்ட் லைனில் பட்டது. மற்றவர்களை உதறிவிட்டது. தம்பியைப் பிடித்துக்கொண்டது.

எந்தக் கட்சியாக இருந்தால் என்ன. கம்பம் இரும்புதான்.

அப்பா அங்கேதான் இருந்தார். கிளைச் செயலாளர் இல்லாமலா. கொஞ்சம் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கம்பத்தின் அடி குழிக்கு நேராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடியைத்தான் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அழவும் இல்லை.

தம்பிக்குப் பெயர் வைத்ததே கட்சிதான். மேடையில் வைத்து, மைக்கில் சொல்லி. வெற்றிச்செல்வன். பிணத்தின் மேல் கட்சிக்கொடி போர்த்தினார்கள். சுடுகாட்டில் அதை மடித்து எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த சாவுக்கு ஆகும்.

மாடி மூங்கிலில் அவள் பிறந்ததிலிருந்து கட்சிக்கொடி. பொங்கலுக்குப் பொங்கல் புதுசு. தோற்றாலும் இறக்கக் கூடாது. தலைவர் செத்தபோது மட்டும் அப்பா அதைப் பாதிக்கு இறக்கிக் கட்டினார். மொட்டை போட்டுக்கொண்டார். சோற்றைத் தொடவில்லை.

மகன் செத்தபோது கொடி உச்சியிலேயே பறந்தது. பந்தல் போட்டார்கள். மேளம் அடித்தார்கள். தூக்கிக்கொண்டு போனார்கள்.

பறந்துகொண்டே இருந்தது.

ஆம்பளைகள் சுடுகாட்டுக்குப் போயிருந்த நேரத்தில் அம்மா மாடி ஏறினாள். கொடியை அவிழ்த்தாள். வீட்டில் வேறு கறுப்புத் துணி இல்லை.

துக்கத்துக்குக் கட்டினாள். அவ்வளவுதான்.

கட்சிக்காரனுக்குக் கறுப்புக்கொடி என்றால் வேறு அர்த்தம்.

"பி.எஸ்சி. படிச்ச புள்ள நீ. அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல வேணாமா? வர்ற மனுசனுக்கு வாசல்லயே கறுப்புக்கொடி காட்டினா நல்லாவா இருக்கு?"

"சாவு வீட்ல வேற என்ன கலர்ல கட்டணும்? நீங்களே சொல்லுங்க."

"உனக்கு வேலை சொல்லத்தான் வர்றாரு பாப்பா. கூட்டுறவு சொசைட்டியில. போட்டோக்காரன்லாம் கூட வர்றான். அதுவும் எதக் கட்டியிருக்கீங்க பாரு. நாளைக்கு எதிர்க்கட்சிக்காரன் எங்களப் பாவாடைக் கட்சின்னுல்ல கூப்புடுவான்?"

பின்னால் நின்றவன் சிரித்துவிட்டான். ஒன்றியம் திரும்பிப் பார்த்ததும் இருமினான்.

வேலை.

தெருவிலேயே முதல் டிகிரி அவளுடையது. அதை வைத்துக்கொண்டு ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறாள். காலையிலிருந்து கடை சாத்தும்வரை நின்றுகொண்டே. சொசைட்டியில் நாற்காலி இருக்கும்.

அவள் கால் தானாக மடங்கியது. வழி விட.

மடங்கிய காலை அவளே பார்த்தாள். ச்சீ என்றிருந்தது.

அம்மா வாசலுக்கு வந்தாள். தலை முடியவில்லை.

"கறுப்புக்கொடி காட்டினா என்னடி அர்த்தம்?"

"வராத, திரும்பிப் போன்னு அர்த்தம்மா."

அம்மா நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள். யாரோ கட்டிய துணியைப் பார்ப்பதுபோல.

"அப்ப இருக்கட்டும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் காலை நீட்டிக்கொண்டாள்.

ஒன்றியத்தின் போன் அடித்தது. "வாங்கண்ணே, ரெடிண்ணே" என்றார். வைத்ததும் முகம் மாறியது.

"டேய், வண்டியில இருக்கற பைப்ப எடுங்கடா. நம்ம கொடி அந்தக் கருமத்தவிட ஒசரமா நிக்கணும். போட்டோவுல நம்மது மட்டும்தான் தெரியணும்."

குட்டியானையிலிருந்து குழாயை இறக்கினார்கள். உச்சியில் புதுக்கொடி. தூக்கியவர்கள் தம்பியோடு படித்தவர்கள். அவளைப் பார்க்காமல் தூக்கினார்கள்.

குழாய் வாசலுக்கு நேராக மெல்ல எழுந்தது.

பந்தல்காரன் இன்னும் எடுத்துப்போகாத பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

நாற்காலி சாய்ந்து விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது.

"மேல லைன் போவுது சாமி!"

பையன்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"மேல பாரு. சாமி, மேல பாருடா."

குழாயை இறக்கித் தரையில் கிடத்தினார்கள்.

அப்பா நிறுத்தவில்லை.

"மேல பாரு சாமி. மேல பாரு. மேல பாரு."

அவள் படியிலிருந்து எழுந்து ஓடினாள். அப்பாவைக் கட்டிப் பிடித்தாள். அவர் அவளைத் தாண்டி, தரையில் கிடந்த குழாயைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கார் வந்து நின்றது. மாவட்டம் கும்பிட்டபடியே இறங்கினார்.

"மேல பாரு சாமி."

தன்னிடம்தான் சொல்கிறார் என்று நினைத்து, மாவட்டம் அண்ணாந்து பார்த்தார்.