பெருசா ஒண்ணா, சின்னதா ரெண்டா?

“ஆபீஸ்ல மானிட்டர் வாங்கித் தரேன்றாங்க. பெருசா ஒண்ணே கேட்டுடறேன்பா,” என்றாள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஜீவிதா.

“வேணாம்மா. சின்னதா ரெண்டு கேளு,” என்றான் அவள் கணவன் விமல்ராஜ், தறியிலிருந்து தலையைத் தூக்காமல்.

“ரெண்டுன்னா நடுவுல பிளவு தெரியுமே.”

“தெரியட்டும்.”

கம்ப்யூட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்காத புருஷனுக்கு இதில் என்ன பிடிவாதம் என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு கேட்டு வாங்கினாள்.

வந்ததும் மேஜையில் அவற்றை ஒட்டி வைத்தாள். அவன் எழுந்து வந்து ஒரு சாண் விலக்கி வைத்துவிட்டு, எதிரே தறியில் போய் உட்கார்ந்தான்.

தறி ஓடினால் பேச்சு எடுபடாது. நிமிர்ந்தாள். இடைவெளியில் அவன் முகம். டீ போடவா என்று தினமும்போல் கண்ணாலேயே கேட்டான்.

தலையாட்டிவிட்டு, மானிட்டர்களை இன்னும் நாலு விரல்கடை தள்ளி வைத்தாள் ஜீவிதா.