கைடன்ஸ் மாஸ்டர்

கணக்கு வாத்தியார் செபாஸ்டினின் மேஜைமேல் பிரம்பு இரண்டாக முறிந்து கிடந்தது. பத்தாம் வகுப்பில் பாஞ்சாலியின் இடம் காலியாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த அருள்சாமி, பாஞ்சாலி எங்கே என்று வகுப்பைக் கேட்டார்.

"எங்களோடதான் சார் கிளம்புச்சு," என்றாள் பக்கத்தில் உட்காரும் குள்ளம்மாள். "வழியில கிணத்து மேட்டுல நின்னுக்கிட்டு, இனிமே நான் வரமாட்டேன், நீங்க போங்கன்னு ஒரே அழுகை. கூப்பிட்டுப் பார்த்தோம், வரலீங்க."

"எதுக்கு அழுதா?"

குள்ளம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "நேத்து கணக்கு சார் அடிச்சாருங்க. கையெல்லாம் வீங்கிப் போச்சு."

அருள்சாமி வரலாறு நடத்துகிறவர். போன வருஷம், எழுபத்திரண்டில், மெட்ராசில் பன்னிரண்டு நாள் பயிற்சி எடுத்து வந்ததிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் கைடன்ஸ் மாஸ்டர். பிள்ளைகளின் மனக்குறையைக் கேட்டு வழி சொல்கிற வேலை. ஆசிரியர்கள் அறையில் அதற்கு 'ஒப்பாரிப் பீரியடு' என்று பெயர். பெயர் வைத்த புண்ணியவான் செபாஸ்டின்தான்.

நேரே போய் அவர் எதிரில் நின்றார்.

"பொட்டப் புள்ளையைக் கிணத்து மேடு வரைக்கும் துரத்திட்டீங்களே சார். இது அடுக்குமா?"

செபாஸ்டின் நோட்டைத் திருத்துவதை நிறுத்தவில்லை. "கணக்கு வர்ற புள்ளை கவனமில்லாம தப்புப் போட்டா அடிப்பேன். வராத புள்ளையை நான் ஏன் சார் அடிக்கிறேன்?"

"உங்களுக்கெல்லாம் அடி ஒண்ணுதான் தெரியும். அது மனசுல என்ன இருக்குன்னு இந்த ஸ்கூல்ல ஒருத்தராவது கேட்டீங்களா?"

"நீங்க கேட்டீங்களாக்கும்."

கேட்காமல் என்ன? மெட்ராசில் கொடுத்த சோதனைத் தாளை அவளுக்குக் கொடுத்து, லிஃப்ட், டெலிபோன், துறைமுகம் என்று அதில் இருந்த நூறு கேள்விக்கும் மார்க் போட்டுப் பார்த்தவர் அவர். காரிமங்கலம் சந்தையில் அவள் அப்பா முனிராஜைக் கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவில் பிடித்து, பாஞ்சாலிக்கு ஏட்டுப் படிப்பைவிட தையல் மாதிரி கைத்தொழில்தான் பொருந்தும் என்று அரைமணி நேரம் பக்குவமாக எடுத்துச் சொன்னார். முனிராஜ் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலையாட்டினார். ஒரு பிள்ளைக்காக இத்தனை மெனக்கெட்ட வாத்தியார் இந்தத் தாலுகாவில் வேறு யார் இருக்கிறார்?

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு சைக்கிளை எடுத்தார்.

கிணற்று மேட்டில் யாருமில்லை. எட்டிப் பார்த்தார். தண்ணீர் அசையாமல் கிடந்தது. "பாஞ்சாலி!" என்று கத்தினார், குரல் கீழே போய்த் திரும்பி வந்தது. வழியிலிருந்த மற்ற நாலு கிணற்றிலும் அப்படியே கத்தினார். மாதாவே, அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டார்.

மிளகாய்த் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த நஞ்சம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "பையைத் தோள்ல மாட்டின புள்ளைதானுங்க? பெரிய ரோட்டுப் பக்கம் ஓடுச்சுங்களே."

பெரிய ரோடு என்றால் லாரி. அருள்சாமி எழுந்து நின்று மிதித்தார். பஸ் நிற்கும் இடம், டீக்கடை, புளியமரத்தடி, ஒன்று பாக்கி வைக்கவில்லை. அவள் வீட்டுக்குப் போக மட்டும் தைரியம் வரவில்லை. பெற்றவன் முகத்தைப் பார்த்து என்னவென்று சொல்வது?

பொழுது சாயும்போது சைக்கிளை செபாஸ்டின் வீட்டுக்குத் திருப்பினார். போலீசுக்குப் போவதற்கு முன்னால் அந்த மனுஷனை நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல நாலு கேள்வி கேட்காவிட்டால் அவருக்கு ஆறாது.

கதவு திறந்திருந்தது. உள்ளே செபாஸ்டினின் மனைவி புஷ்பமேரி களி உருண்டையைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். தட்டுக்கு முன்னால் பாஞ்சாலி!

அருள்சாமி வாசற்படியிலேயே உட்கார்ந்து குழந்தைபோல அழுதுவிட்டார். அவரைக் கண்டதும் பாஞ்சாலி தட்டைத் தள்ளிவிட்டு புஷ்பமேரியின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள்.

"பயப்படாத கண்ணு, நான்தான். இனிமே உன்னை யாரும் அடிக்க மாட்டாங்க."

பின்னால் சைக்கிள் நிறுத்துகிற சத்தம் கேட்டது. செபாஸ்டின் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார்.

"அடிக்குப் பயந்த புள்ளை அடிச்சவன் வூட்டுக்கா சார் வரும்?" என்றார். "மத்தியானம் சோத்துக்கு வந்தேன், இங்க உக்காந்திருந்துச்சு. பள்ளிக்கூடம் போதும்னுட்டாங்களாம். வர்ற ஞாயித்துக்கிழமை கம்பைநல்லூர்ல கல்யாணமாம். மாப்பிள்ளைக்கு முப்பத்தஞ்சு வயசு. அவ அப்பாகிட்ட இவ்வளவு நேரம் மல்லுக்கட்டிட்டு வரேன். அசைய மாட்டேங்குறாரு."

"கல்யாணமா? பதினஞ்சு வயசுப் புள்ளைக்கா?" அருள்சாமி துள்ளி எழுந்தார். "படிக்கிற புள்ளையை நிறுத்தச் சொல்லி அந்த ஆளுக்கு எந்தப் பாவி சார் புத்தி சொன்னது?"

புஷ்பமேரியின் முதுகுக்குப் பின்னாலிருந்து பாஞ்சாலியின் குரல் மட்டும் வந்தது.

"நீங்கதான்னு அப்பா சொன்னாருங்க சார்."