முதலாளி இழுத்த மூச்சு

"தூசியில விஷம்னு எவன் கிளப்பி விட்டது?"

முதலாளி போட்ட சத்தத்தில் எல்லார் கண்ணும் அச்சு மெஷின் அக்காவின் பக்கம் போனது.

ரசாயன ஆலைகளுக்கு வினையூக்கி செய்து கொடுக்கும் தொழிற்சாலை அது. வெள்ளை மண் தூளில் நிக்கல் உப்புத் தூளைக் கலந்தால் பச்சையாகிவிடும். அதைப் பிசைந்து, அச்சில் தள்ளி, குச்சி குச்சியாக வெட்டி, உலையில் சுட வேண்டும். அச்சுப் பக்கம் போனால் போதும், பச்சைத் தூசி மூக்கில் அப்பிக்கொள்ளும்.

"எவனும் இல்லீங்க, நான்தான் சொன்னேன்" என்றாள் அக்கா. "இங்க பாதிப் பேருக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. எனக்குப் படுத்தா மூச்சு அடைக்குது. தூசியை உறிஞ்சற மெஷின் ஒண்ணு வெச்சுக் குடுங்க. அதுவரைக்கும் அச்சை ஓட்ட மாட்டோம்."

"நாளைக்கு நானே வந்து நிக்கிறேன். அப்புறம் பேசும்மா."

சொன்னபடி வந்தார். தனியாக அல்ல, பள்ளிக்கூடம் போகிற மகளையும் கையில் பிடித்துக்கொண்டு! இரண்டு பேர் முகத்திலும் மாஸ்க் இல்லை.

அச்சு ஓடியது. பச்சைத் தூசி கிளம்பியது. முதலாளி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். குழந்தை இரண்டு தும்மல் போட்டுவிட்டுச் சிரித்தது.

"என் உயிரே இவதான். விஷம்னா இவளைக் கொண்டாந்து இங்க நிறுத்துவேனா?"



"பெத்த பொண்ணையே கூட்டிட்டு வந்துட்டாரு. இதுக்கு மேல என்னக்கா வேணும் உங்களுக்கு?" கூட இருமிக்கொண்டிருந்தவர்களே அவளை ஏசினார்கள்.

அக்கா கூனிக் குறுகிப் போனாள். "தெரியாம பேசிட்டேங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்று எல்லார் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சரி சரி, போய் வேலையைப் பாரும்மா." முதலாளி பெரிய மனசோடு சிரித்துவிட்டுப் போனார். உறிஞ்சும் மெஷின் பேச்சு அத்தோடு முடிந்தது.

மறுநாள் உலையைத் திறந்த உலைக்காரர், "ஐயையோ! இங்க வந்து பாருங்க!" என்று அலறினார்.

சுட்டால் கறுத்து வர வேண்டிய குச்சிகள், தட்டு நிறையப் பால் வெள்ளையாகக் கிடந்தன.

"இதுல நிக்கலே இல்ல! எவனோ பச்சைச் சாயத்தைக் கலந்திருக்கான். சூட்டுல அது எரிஞ்சு போச்சு. யாருய்யா நேத்து கலவை போட்டது?"

"நான் இல்லண்ணே!" கலவைக்காரர் பதறினார். "'நீ லீவு எடுத்துக்க, கலவையை நான் பார்த்துக்கறேன்'னு முதலாளிதான் சொன்னாரு."

அக்கா ஒரு வெள்ளைக் குச்சியைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"பொண்ணு வர்றான்னதும் நிக்கலை எடுத்துட்டாரே... அப்ப இத்தனை வருஷமா நாம எதை மூச்சுல இழுக்கறோம்னு அவருக்குத் தெரியும்!"