குதிகால்

“பின்னாடி நிக்காத, மாரி.”

சொல்லிவிட்டுக் கிணற்றின் படிக்கல்லை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டேன். உடம்பு மிதந்தது. கால்கள் மட்டும் வயிற்றை நோக்கி மடங்கின.

“பின்னாடி நின்னாதான மாமா, ஒங்காலு எப்டிப் போவுதுன்னு தெரியும்?”

மாரி என் மனைவி காந்திமதியின் தம்பி. மறைமலை நகரில் ஒரு பட்டறையில் பிரஸ் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஷிஃப்ட் இல்லை. காலையிலேயே சைக்கிளில் வந்து, ஒரகடத்துக்கு வெளியே இருக்கும் கன்னியப்பனின் கிணற்றுக்கு என்னை இழுத்து வந்துவிடுவான்.

இது நான்காவது ஞாயிறு.

காந்திமதி குவாரிப் பள்ளத்துத் தண்ணீரில் போனாள். மே மாதக் கடைசி. தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்துப் பலர் செத்த அந்த வாரம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒற்றைச் சாவைப் பற்றி நின்று பேச யாருக்கும் மனம் இருக்கவில்லை. துணி அலசும்போது வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொன்னேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது எல்லோரும் அறிந்தது. கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

மாரிதான் முங்கி எடுத்தான். அவள் நன்றாக நீந்துவாள். அவளுடைய தாடைக்குக் கீழே ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குக் கன்றியிருந்தது. பாறையில் அடிபட்டு மயங்கியிருப்பாள், இல்லாவிட்டால் அவளாவது முழுகுவதாவது என்று குளிப்பாட்டிய பெண்கள் சொன்னார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மாரி என்னிடம் வந்தான்.

“ஒனக்கு நீஞ்சத் தெரிஞ்சிருந்தா அக்காவ இட்டாந்திருப்ப. இனிமே எங்க வூட்ல நீஞ்சத் தெரியாதவன் ஒர்த்தனும் இருக்கக் கூடாது.”

மறுக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மழை பெய்து கிணறு ஏறும்வரை காத்திருந்தான்.

“முட்டிய மடக்காத மாமா. தொடையிலேருந்து வரணும். கணுக்கால லூசா வுடு. சின்னதா, சீக்கிரமா. குதிகால் தண்ணிக்கு மேல தெரிஞ்சும் தெரியாமலும் இருக்கணும்.”

பம்புசெட் தொட்டியின்மேல் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்த கன்னியப்பன் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

“ஏண்டா, ஒம் மாமன் நீஞ்ச வந்தாரா, சைக்கிள் மிதிக்க வந்தாரா?”

“பி.காம். படிச்ச காலுண்ணே. லேசுல அடங்காது.”

மாரி என் பக்கவாட்டுக்கு வந்தான். அப்போது கால்கள் தாமாக நீண்டன. தொடையிலிருந்து அசைத்தேன். சின்னதாக, சீக்கிரமாக. பின்னால் தண்ணீர் பொங்கும் சத்தம் கேட்டது. உடம்பு ஒரு பலகைபோல நேரானது.

“அதான்! அப்டியே போ!”

அவன் மறுபடி பின்னால் நகர்ந்தான். கால்கள் மறுபடி மடங்கின.

“தண்ணிக்கு இவ்ளோ பயமா மாமா?”

நான் பயந்தது தண்ணீருக்கு அல்ல.

லாரி டியூபைத் தூக்கி என் முன்னால் போட்டான். அதைப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவர்வரை போக வேண்டும். இருபது அடி.

“முழுகனா நான் தூக்கிடுவேன். முழுகறவன முன்னாடி புட்ச்சா நம்மளயே கட்டிக்குவான். பின்னாடியிருந்துதான் புடிக்கணும். அக்காவுக்கும் அதான் சொல்லிக்குடுத்தேன்.”

“நீ இங்கயே நில்லு. வராத.”

“சரி, சரி. போ.”

போனேன். பத்து அடி நன்றாகவே போனேன். பிறகு தண்ணீர் பச்சையிலிருந்து கறுப்பாக மாறியது. மூட்டு மடங்குவது எனக்கே தெரிந்தது.

காலை நேராக்கிவிட நினைத்திருப்பான். அடியிலிருந்து ஒரு கை வந்து என் கணுக்காலைப் பிடித்தது.

டியூப் நழுவியது. வாய்க்குள் தண்ணீர் ஏறியது. வலது கால் மார்புவரை மடங்கி, அப்படியே பாய்ந்தது. குதிகால் எதன்மேலோ பலமாக மோதியது. அந்த உந்தலில் எதிர்ச் சுவரை எட்டிவிட்டேன். துருத்திக்கொண்டிருந்த கல்லின்மேல் தொற்றி ஏறித் திரும்பினேன்.

தண்ணீர்மேல் யாரும் இல்லை.

டியூப் மட்டும் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

அன்றும் இப்படித்தான். அன்று பாசியில் வழுக்கி விழுந்தது நான். காந்திமதி புடவையோடு குதித்தாள். தம்பி சொல்லிக்கொடுத்தபடி பின்னாலிருந்து என்னைப் பிடித்தாள். ஒரே ஓர் உதை. அந்த உந்தலில்தான் என் கை பாறை விளிம்பை எட்டியது. திரும்பிப் பார்த்தபோது அவள் துவைத்து வைத்திருந்த துணிகள் மட்டும்தான் கரையில் இருந்தன.

“மாரி!” என்று கன்னியப்பன் எழுந்து நின்றார்.

நான் கல்லை விடவில்லை. அன்றும் பாறையை விடவில்லை.

கிணற்றின் நடுவில் குமிழிகள் வந்தன. பிறகு தலை வந்தது. மாரி தண்ணீரைத் துப்பினான். இருமினான். உதடு கிழிந்து ரத்தம் வழிய, சிரித்தான்.

“யோவ் மாமா! நாலு வாரத்துல ஒரே ஒரு ஒத ஒழுங்கா ஒதச்ச, அதுவும் எம் மூஞ்சியிலயா? இடி மாதிரி எறங்குச்சு. இன்னும் கொஞ்சம் போயிருந்தா மயங்கி அடியிலயே போயிருப்பேன்!”

கன்னியப்பன் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தார்.

மாரி உதட்டைத் துடைத்தான். விரல்களால் தாடையைத் தடவினான். தாடைக்குக் கீழே ஓரிடத்தை அழுத்திப் பார்த்தான். வலித்திருக்க வேண்டும்.

அவன் கை அங்கேயே நின்றுவிட்டது.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவன் முகத்தைவிட்டுப் போனது. கல்லின்மேல் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தான். முகத்தை அல்ல. ஈரம் சொட்டிக்கொண்டிருந்த என் குதிகாலை.

நான் காலைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டேன்.